ஹார்ட் டிஸ்க்கா, எஸ்.எஸ்.டி.யா? – வாசகர் கேள்விகளும் பதில்களும்

கணினியின் சேமிப்பகம் பற்றி வாசகர்கள் அனுப்பிய கேள்விகளில், ஒரே பொருளைத் தொடுபவற்றை ஒன்றாகச் சேர்த்து இம்முறை பதில் எழுதியிருக்கிறேன். வேகத்தைப் பற்றிக் கேட்டவர்கள் பலர்; சேமித்தது தொலையாமல் இருக்க என்ன வழி என்று கேட்டவர்கள் மிகச் சிலர். இந்த அளவு நேர்மாறாக இருந்திருக்க வேண்டும் என்பது என் எண்ணம். ஆகவே கேட்கப்படாத இடங்களிலும் அந்தப் பேச்சை இழுத்து வந்திருக்கிறேன்.

கேள்வி: எட்டு ஆண்டுகளுக்கு முன் வாங்கிய மேசைக் கணினியைப் பயன்படுத்துகிறேன். இயக்கியபின் அது வேலைக்குத் தயாராவதற்கு நான்கைந்து நிமிடங்கள் ஆகின்றன. அதில் 8 ஜி.பி. ராமும் 1 டி.பி. ஹார்ட் டிஸ்க்கும் உள்ளன. ராமை 16 ஜி.பி. ஆக்கினால் போதுமா, புதிய கணினியே வாங்கிவிடுவது நல்லதா?

பதில்: இரண்டுக்கும் முன்னால் செய்து பார்க்க வேண்டியது ஒன்று இருக்கிறது. இயங்குதளம் இருக்கும் ஹார்ட் டிஸ்க்கை எடுத்துவிட்டு, அந்த இடத்தில் ஒரு சாட்டா எஸ்.எஸ்.டி.யைப் பொருத்துங்கள். எஸ்.எஸ்.டி. என்பது சுழலும் தட்டுகளுக்குப் பதிலாகச் சில்லுகளில் சேமிக்கும் வட்டு; சாட்டா என்பது வட்டைக் கணினியுடன் இணைக்கும் வழக்கமான பாதை. நீங்கள் சொல்லும் தாமதம் பெரும்பாலும் ஹார்ட் டிஸ்க்கின் இயல்பினால் வருவது.

ஹார்ட் டிஸ்க்கினுள் காந்தப் பூச்சுள்ள தட்டுகள் நிமிடத்துக்கு 5,400 அல்லது 7,200 முறை சுழல்கின்றன. ஒரு கையின் நுனியில் உள்ள நுண்ணிய தலை அவற்றின்மேல் முன்னும் பின்னும் நகர்ந்து தகவலைப் படிக்கிறது. 7,200 என்றால் வினாடிக்கு 120 சுற்று, அதாவது ஒரு சுற்றுக்கு 8.3 மில்லிவினாடி. வேண்டிய இடம் தலைக்குக் கீழே சுழன்று வருவதற்குச் சராசரியாக அதில் பாதி நேரம் காத்திருக்க வேண்டும். கை நகரும் நேரத்தையும் சேர்த்தால், வட்டின் வெவ்வேறு மூலைகளில் உள்ள சிறு துண்டுகளை வினாடிக்கு நூறு எண்ணிக்கையில் எடுப்பதே அதற்குக் கடினம். இயங்குதளமோ தொடங்கும்போது ஆயிரக்கணக்கான சிறு கோப்புகளைத் தேடி அலைகிறது. ஒரே அலமாரியில் வரிசையாக உள்ள நூறு புத்தகங்களை அள்ளி வருவதற்கும், நூறு அலமாரிகளுக்கு நடந்து சென்று ஒவ்வொன்றாக எடுத்து வருவதற்கும் உள்ள வேறுபாடுதான் இது. நகரும் உறுப்பே இல்லாத எஸ்.எஸ்.டி.க்கு இந்த நடை கிடையாது. ஒவ்வொரு தேடலும் ஒரு மில்லிவினாடியின் சிறு பகுதிக்குள் முடிந்துவிடுகிறது. ஒரு பெரிய காணொளிக் கோப்பை வரிசையாகப் படிப்பதில் ஹார்ட் டிஸ்க் வினாடிக்கு 150 எம்.பி. தருகிறது என்றால், சாட்டா எஸ்.எஸ்.டி. 550 எம்.பி. வரை தரும். அந்தக் கணக்கில் மூன்று நான்கு மடங்கு வேகம்தான் தெரியும். சிதறிக் கிடக்கும் சிறு கோப்புகளில் அது நூறு மடங்கையும் தாண்டிவிடும். அன்றாட வேலையில் நாம் உணர்வது இந்த இரண்டாவது வேறுபாட்டையே.

ராம் என்னும் நினைவகத்தைப் பொறுத்தவரை ஊகிக்க வேண்டியதில்லை. வழக்கமான வேலைகளைத் திறந்து வைத்துக்கொண்டு, எந்த உறுப்பு எவ்வளவு உழைக்கிறது என்று காட்டும் விண்டோஸின் டாஸ்க் மேனேஜரைப் பாருங்கள். டிஸ்க் 100 விழுக்காட்டில் நின்று, நினைவகம் பாதியளவே நிரம்பியிருந்தால் ராம் கூட்டுவதால் பயன் இல்லை. நினைவகமும் நிரம்பி வழிந்தால், எஸ்.எஸ்.டி.க்குப் பிறகு அதையும் கூட்டலாம்.

ஒரு செய்தியை மட்டும் முன்கூட்டியே சரிபாருங்கள். விண்டோஸ் 10க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14ஆம் தேதியுடன் முடிந்துவிட்டது. விண்டோஸ் 11 டி.பி.எம். 2.0 பாதுகாப்புக் கூறையும், குறிப்பிட்ட தலைமுறைக்குப் பிந்தைய செயலிகளையுமே ஏற்கிறது. எட்டு ஆண்டு வயதுடைய கணினி அந்த எல்லைக்கோட்டின் எந்தப் பக்கமும் இருக்கக்கூடும். ஏற்கவில்லை என்றாலும் கணினியைத் தூக்கி எறிய வேண்டும் என்று பொருளில்லை, எஸ்.எஸ்.டி.யுடன் லினக்ஸ் என்னும் இலவச இயங்குதளத்தை நிறுவினால் எழுத்து வேலைக்கும் இணையத்துக்கும் அது இன்னும் பல காலம் உழைக்கும். கழற்றிய ஹார்ட் டிஸ்க் நல்ல நிலையில் இருந்தால், காப்புப் பிரதி வைக்க அதையே பயன்படுத்திக்கொள்ளுங்கள்.

கேள்வி: புதிய மடிக்கணினி வாங்க இருக்கிறோம். விளம்பரங்களில் எம்.2 என்றும், என்.வி.எம்.இ. என்றும், சாட்டா என்றும் எழுதுகிறார்கள். ஒன்றில் வினாடிக்கு 3,500 எம்.பி., மற்றொன்றில் 7,000 எம்.பி. என்றும் இருக்கிறது. எதைப் பார்த்துத் தேர்வு செய்வது?

பதில்: மூன்று வெவ்வேறு செய்திகளை விளம்பரம் எழுதுபவர்கள் ஒரே வரியில் கலந்துவிடுகிறார்கள். எம்.2 என்பது வடிவத்தின் பெயர் மட்டுமே. சிறு அட்டை போன்ற அந்த வடிவத்தில் 2280 என்று குறித்திருந்தால், 22 மில்லிமீட்டர் அகலம், 80 மில்லிமீட்டர் நீளம் என்று பொருள். அந்த அட்டை தகவலை அனுப்பும் பாதை சாட்டாவாகவும் இருக்கலாம், அதைவிட வேகமான பி.சி.ஐ. எக்ஸ்பிரஸாகவும் இருக்கலாம். என்.வி.எம்.இ. என்பது அந்த இரண்டாவது பாதையில் பேசப்படும் நெறிமுறை. அதன் முதல் பதிப்பு 2011இல் வெளிவந்தது. சாட்டா வட்டுகளுடன் பேசப் பயன்பட்ட பழைய நெறிமுறை சுழலும் தட்டுகளை மனத்தில் கொண்டு எழுதப்பட்டதால், ஒரே வரிசையில் 32 கட்டளைகள் வரைதான் நிறுத்தி வைக்க முடிந்தது. என்.வி.எம்.இ. அந்தக் கட்டுப்பாட்டை உடைத்து, பல்லாயிரம் வரிசைகளுக்கு இடம் கொடுத்தது. ஆகவே பழைய கணினிக்கு எம்.2 வாங்குபவர்கள், தங்கள் மதர்போர்டில் உள்ள செருகுவாய் இவற்றில் எதை ஏற்கும் என்பதைக் கையேட்டில் பார்த்த பிறகே வாங்க வேண்டும். பொருந்துவது போல் தோன்றி, கணினியின் கண்ணுக்கே தெரியாமல் போகும் அட்டைகள் இப்படித்தான் வீட்டுக்கு வந்து சேர்கின்றன.

புதிய கணினி என்றால் என்.வி.எம்.இ. உள்ளதையே வாங்குங்கள், இன்று அதுதான் இயல்பான தேர்வு. ஆனால் 3,500, 7,000 என்ற எண்களுக்காகக் கூடுதலாகச் செலவிடுவதை நான் பரிந்துரைக்க மாட்டேன். அவை பெரிய கோப்புகளை வரிசையாகப் படிக்கும்போது எட்டப்படும் உச்ச வேகங்கள். கணினி தொடங்குவதிலும், கட்டுரை எழுதுவதிலும், இணையத்தில் உலவுவதிலும் இரண்டுக்கும் வேறுபாடு காண்பது அரிது. மணிக்கணக்கில் காணொளி தொகுப்பவருக்கு வேண்டுமானால் அது பயன்படும்.

விளம்பரத்தில் வராத எண் ஒன்றும் இருக்கிறது. பெரும்பாலான எஸ்.எஸ்.டி.கள் தங்கள் பரப்பில் ஒரு பகுதியை வேகமான இடைத்தாங்கியாக வைத்துக்கொண்டு, வரும் தகவலை முதலில் அங்கே எழுதுகின்றன. அது நிரம்பும் வரையில்தான் விளம்பர வேகம். நிரம்பியபின், தகவலைத் தாங்கும் நுண்ணறையான ஒரு செல்லில் நான்கு பிட்களைத் திணிக்கும் கியூ.எல்.சி. வகையில் எழுதும் வேகம் ஹார்ட் டிஸ்க்கைவிடக் குறைந்துபோவதும் உண்டு. வட்டை விளிம்புவரை நிரப்பிவைத்தால் இந்தத் தளர்ச்சி முன்னதாகவே வரும். அதனால் ஐந்தில் ஒரு பங்கையாவது காலியாக விட்டு வைப்பது நல்லது. வேகத்துக்குக் கொடுக்க நினைத்த பணத்தைக் கொள்ளளவுக்குக் கொடுங்கள் என்று சொல்வதும் இதனால்தான். விண்டோஸ் 11க்கு 64 ஜி.பி. போதும் என்று எழுதியிருப்பது நிறுவுவதற்கான குறைந்தபட்சம். வாழ்க்கைக்கான அளவு அன்று. பொதுவான வீட்டுப் பயன்பாட்டுக்கு 512 ஜி.பி., விளையாட்டும் காணொளியும் சேர்ந்தால் 1 டி.பி. என்று வைத்துக்கொள்ளலாம். சில மெல்லிய மடிக்கணினிகளில் சேமிப்பகச் சில்லு பலகையோடு பற்றவைக்கப்பட்டிருக்கும். அவற்றில் பின்னர் மாற்ற வழியில்லை என்பதால், வாங்கும் நாளிலேயே தாராளமாக எடுக்க வேண்டும்.

கேள்வி: 1 டி.பி. என்று வாங்கிய வட்டில் 931 ஜி.பி.தான் காட்டுகிறது. ஏமாற்றிவிட்டார்களா?

பதில்: இல்லை. உற்பத்தியாளர்கள் 1 டி.பி.யை ஒரு லட்சம் கோடி பைட்டுகள் என்று பத்தின் அடுக்குகளில் கணக்கிடுகிறார்கள். விண்டோஸ் 1,024ஆல் வகுத்து வகுத்துக் காட்டுவதால் அதே அளவு 931 ஆகத் தெரிகிறது. உண்மையான ஏமாற்று வேறிடத்தில் நடக்கிறது. பெயர் தெரியாத விற்பனையாளரிடம் நம்ப முடியாத கொள்ளளவுடன் வரும் பென் டிரைவ்களும் மெமரி கார்டுகளும், உள்ளே சிறிய சில்லை வைத்துக்கொண்டு பெரிய எண்ணைக் காட்டும்படி மாற்றப்பட்டிருக்கலாம். நிரம்பியபின் எழுதப்படும் கோப்புகள் பெயரளவில் இருக்கும். திறந்தால் உள்ளே ஒன்றும் இருக்காது. முழுக் கொள்ளளவையும் எழுதித் திரும்பப் படித்துச் சோதிக்கும் இலவச மென்பொருள்கள் உள்ளன. புதிதாக வாங்கியதை அப்படிச் சோதிக்காமல் நம்பாதீர்கள்.

கேள்வி: என் மகள் கணினியைத் திறந்து, "அம்மா, ஏன் சி டிரைவ்? ஏ, பி எங்கே?" என்று கேட்டாள். ஒரு காலத்தில் வீட்டுக் கணினிகளில் ஹார்ட் டிஸ்க்கே இல்லை என்று கேள்விப்பட்டிருக்கிறேன். அப்படியானால் எதில் சேமித்தார்கள்?

பதில்: உங்கள் மகளின் கேள்விக்குள் வீட்டுக் கணினியின் வரலாறே அடங்கியிருப்பதால் சற்று விரிவாகவே சொல்கிறேன்.

ஹார்ட் டிஸ்க் வீட்டுக் கணினியைவிட மூத்தது. 1956இல் ஐ.பி.எம். வெளியிட்ட ராமாக் கணினியில் 24 அங்குல விட்டமுள்ள 50 தட்டுகள் ஒரே அச்சில் சுழன்றன. ஒரு டன் அளவு எடையுள்ள அந்த அமைப்பில் அடங்கியவை 50 லட்சம் எழுத்துகள். இன்று கைப்பேசியில் எடுக்கும் ஒரு படத்துக்கே அது போதுமா என்பது ஐயம். அத்தகைய பொருள் வீட்டுக்கு வரும் வாய்ப்பே அப்போது இல்லை.

1975இல் பாகங்களாக வாங்கிப் பொருத்திக்கொள்ளும்படி வந்த ஆல்டேர் 8800இன் அடிப்படை நினைவகம் 256 பைட்டுகள். திரையும் விசைப்பலகையும் அதனுடன் வரவில்லை. முகப்பில் உள்ள சுவிட்சுகளை மேலும் கீழும் தள்ளி நிரலை உள்ளிட வேண்டும், மின்சாரத்தை நிறுத்தினால் அனைத்தும் அழிந்துவிடும். 1977இல் ஆப்பிள் 2, கொமடோர் பெட், டி.ஆர்.எஸ்.-80 ஆகிய மூன்றும் வந்தபோதுதான் முழுதாகப் பொருத்தப்பட்ட கணினி வீடுகளுக்குள் நுழைந்தது. அவற்றின் சேமிப்பகம், பாட்டுக் கேட்கப் பயன்பட்ட அதே ஒலிநாடா கேசட். நிரலை ஒலியாக மாற்றிப் பதிவார்கள். திரும்ப ஏற்றும்போது கணினி அந்த ஒலியைக் கேட்டு எண்களாக மாற்றிக்கொள்ளும். 1982இல் வந்த சின்க்ளேர் ஸ்பெக்ட்ரமில் 48 கே.பி. நினைவகத்தை நிரப்பும் ஒரு விளையாட்டை ஏற்ற ஐந்து நிமிடம் அளவுக்குப் பிடித்தது. நடுவில் ஒலி சற்றுப் பிசகினால் நாடாவைச் சுற்றிவிட்டு முதலிலிருந்து தொடங்க வேண்டும். ஆனால் அந்தக் கணினிகளுக்கு ஒரு சிறப்பும் இருந்தது: பேசிக் என்னும் நிரல்மொழி நிலையான சில்லிலேயே பதிந்திருந்ததால், சுவிட்சைப் போட்ட உடனே கட்டளைக்குக் காத்து நிற்கும். தொடக்க நேரத்தில் மட்டும் பார்த்தால், பின்னால் வந்த பல தலைமுறைகள் அவற்றுக்குப் பின்தங்கியவையே.

அடுத்து வந்தது பிளாப்பி என்னும் மெல்லிய காந்த வட்டு. ஐ.பி.எம். 1971இல் 8 அங்குல அளவில் அறிமுகப்படுத்தியது, 1976இல் ஐந்தேகால் அங்குலமாகச் சுருங்கியது. 1978இல் ஆப்பிள் 2க்காக ஸ்டீவ் வோஸ்னியாக் வடிவமைத்த பிளாப்பி டிரைவ், வீட்டுக் கணினியைத் தொழிலுக்கும் உதவும் கருவியாக மாற்றிய முக்கியக் காரணங்களுள் ஒன்று என்பேன். ஏனெனில் நாடாவில் வேண்டிய இடத்துக்கு உடனே தாவ முடியாது, வட்டில் முடியும். 1981 ஆகஸ்டில் வந்த ஐ.பி.எம். பி.சி.யில் கேசட்டுக்கான துளையும் இருந்தது, 160 கே.பி. பிளாப்பி டிரைவும் பொருத்திக்கொள்ளலாம். இரண்டு டிரைவ் வைத்திருந்தவர்கள் ஒன்றில் இயங்குதளத்தையும் மென்பொருளையும், மற்றொன்றில் தங்கள் கோப்புகளையும் வைத்தார்கள். ஏ, பி என்ற எழுத்துகள் அந்த இரண்டுக்கும் உரியவை. 1983இல் ஐ.பி.எம். பி.சி. எக்ஸ்.டி. 10 எம்.பி. ஹார்ட் டிஸ்க்குடன் வந்தபோது, அதற்குக் கிடைத்த எழுத்து சி. பிளாப்பிகள் போய்விட்டன, எழுத்து மட்டும் நின்றுவிட்டது.

பின்னர் கடினமான உறையுடன் மூன்றரை அங்குல பிளாப்பி பரவி, 1987 முதல் 1.44 எம்.பி. என்பது வழக்கமான அளவாயிற்று. மென்பொருள்கள் அதற்குள் அடங்காமல் பெருகியபோது, விண்டோஸ் 95ஐப் பிளாப்பியில் வாங்கியவர்கள் 13 பிளாப்பிகளை ஒன்றன்பின் ஒன்றாகச் செருக வேண்டியிருந்தது. ஒரு சி.டி.யின் 650 எம்.பி. அத்தகைய 450 பிளாப்பிகளுக்கு ஈடானது. 1998இல் ஆப்பிள் தன் ஐமேக்கைப் பிளாப்பி டிரைவே இல்லாமல் வெளியிட்டது. 2000ஆம் ஆண்டு வாக்கில் 8 எம்.பி. அளவுள்ள பென் டிரைவ்கள் விற்பனைக்கு வந்தபின் பிளாப்பிக்கு வேலை இல்லாமல் போயிற்று.

இதற்கிடையே ஹார்ட் டிஸ்க்கின் கொள்ளளவு பல்லாயிரம் மடங்கு உயர்ந்தது. காந்தப் புலத்தின் மிகச் சிறு மாற்றத்தைக்கூட உணரும் தலைகளுக்கு வழிவகுத்த கண்டுபிடிப்புக்காக ஆல்பெர் ஃபெர், பீட்டர் க்ருன்பெர்க் ஆகிய இருவரும் 2007இல் இயற்பியல் நோபல் பரிசு பெற்றார்கள். ஆனால் கொள்ளளவு ஏறிய வேகத்தில் கையின் நகர்வு ஏறவில்லை. 1980களின் தொடக்கத்தில் வேண்டிய தடத்தை அடைய 80 மில்லிவினாடிக்கு மேல் எடுத்துக்கொண்ட சிறு ஹார்ட் டிஸ்க்குகள், இன்றும் 9 மில்லிவினாடி அளவிலேயே நிற்கின்றன. செயலி ஆயிரக்கணக்கான மடங்கு விரைவு பெற்ற அதே காலத்தில் வட்டு பெற்றது பத்து மடங்கைக்கூட எட்டவில்லை. தோஷிபாவில் பணியாற்றிய ஃபூஜியோ மசுவோகாவும் அவருடன் இருந்தவர்களும் 1987இல் அறிவித்த, மின்சாரம் நின்றாலும் தகவலை இழக்காத நேண்ட் ஃபிளாஷ் சில்லு, இருபது ஆண்டுகள் கழித்து எஸ்.எஸ்.டி.யாக மடிக்கணினிகளுக்குள் வந்தபோது, மக்கள் அதைக் கணினியே புதிதானதுபோல் உணர்ந்ததற்குக் காரணம் இந்த நீண்ட இடைவெளிதான்.

கேள்வி: எஸ்.எஸ்.டி.யில் எழுத எழுதத் தேய்ந்துவிடும் என்கிறார்களே?

பதில்: தேயும், ஆனால் வீட்டுப் பயன்பாட்டில் அதை எண்ணி அஞ்ச வேண்டியதில்லை. ஒரு செல்லில் மூன்று பிட்களை வைக்கும் டி.எல்.சி. வகையில் பரவலாகக் கிடைக்கும் 1 டி.பி. வட்டுகளுக்கு 600 டி.பி. எழுதும் வரை உத்தரவாதம் தருகிறார்கள். நாள்தோறும் 30 ஜி.பி. எழுதினாலும் அந்த அளவை எட்ட ஐம்பது ஆண்டுகளுக்கு மேல் ஆகும். அதற்குள் வேறு மின்னணு உறுப்பு ஏதேனும் பழுதாகிவிடும். நான் எச்சரிக்க விரும்புவது வேறு இரண்டு. ஹார்ட் டிஸ்க் பல நேரங்களில் முனகி, தடுமாறி, அறிகுறி காட்டிவிட்டு விழும், எஸ்.எஸ்.டி. நேற்று வரை நன்றாக இருந்துவிட்டு இன்று காலை அடையாளமே காட்டாமல் போகக்கூடும். அடுத்தது, அதன் செல்களில் தகவல் மின்னூட்டமாக நிற்கிறது. நன்றாகத் தேய்ந்த ஒரு எஸ்.எஸ்.டி. மின்சாரமின்றி 30 பாகை செல்சியஸ் வெப்பத்தில் ஓராண்டு தகவலைக் காக்க வேண்டும் என்பதே வீட்டுக் கணினி வட்டுகளுக்கான தொழில்துறை வரையறை. புதிய வட்டு அதைவிட நெடுங்காலம் தாங்கும் என்றாலும், எழுதி எடுத்துப் பெட்டிக்குள் போட்டு மறந்துவிடுவதற்கு ஏற்ற பொருள் அது அன்று.

கேள்வி: இருபது ஆண்டுக் குடும்பப் படங்கள் ஒரு வெளி ஹார்ட் டிஸ்க்கில் இருக்கின்றன. நிரந்தரமாகச் சேமிக்க எது சிறந்தது? சி.டி.யா, எஸ்.எஸ்.டி.யா, கிளவுடா?

பதில்: ஒரே ஒரு வட்டில் இருக்கிறது என்ற வரிதான் உங்கள் கடிதத்தில் என்னைக் கவலைப்பட வைத்தது. இந்த இதழைக் கீழே வைத்துவிட்டு முதலில் இன்னொரு பிரதி எடுங்கள். மற்றவற்றைப் பிறகு படிக்கலாம்.

நிரந்தரமான பொருள் எதுவும் இல்லை. வீட்டில் எழுதிய சி.டி.யில் தகவல் ஒரு சாயப் படலத்தில் இருக்கிறது. வெயிலும் ஈரப்பதமும் அதைச் சிதைக்கும். ஹார்ட் டிஸ்க் கீழே விழுந்தால் உடையும். இணையத்தில் சேமிக்கும் கிளவுட் சேவையில் கடவுச்சொல் தொலையலாம், கணக்கு முடக்கப்படலாம். அதோடு, கணினியும் கிளவுடும் ஒத்திசையும்படி அமைத்திருந்தால், நீங்கள் தவறுதலாக அழித்த படம் அங்கும் அழியும். ஆகவே எந்தப் பொருள் என்பதைவிட, எத்தனை பிரதிகள், அவை எங்கெங்கே என்பதுதான் முடிவு செய்ய வேண்டியது. மூன்று பிரதிகள், இரண்டு வகைப் பொருள்களில், அவற்றுள் ஒன்று வீட்டுக்கு வெளியே என்ற விதியைப் புகைப்படக் கலைஞர் பீட்டர் க்ரோ பரவச் செய்தார். அதைவிட எளிமையாகவும் போதுமானதாகவும் வேறொன்றை நான் கண்டதில்லை. கணினியில் ஒன்று, வெளி ஹார்ட் டிஸ்க்கில் ஒன்று, கிளவுடிலோ நம்பகமான உறவினர் வீட்டிலோ மற்றொன்று என்று வைத்துக்கொள்ளுங்கள். வெளி வட்டைப் பிரதி எடுக்கும் நேரம் தவிரக் கழற்றியே வைத்திருங்கள். கோப்புகளைப் பூட்டிப் பணம் கேட்கும் தீநிரல்கள், இணைந்திருக்கும் வட்டுகளையும் விடுவதில்லை.

இந்தப் பணிக்கு ஹார்ட் டிஸ்க் இன்றும் பொருத்தமானது. அதே செலவில் எஸ்.எஸ்.டி.யைவிடப் பல மடங்கு கொள்ளளவு கிடைக்கிறது, இங்கே வேகமும் தேவையில்லை. ஆண்டுக்கு ஒருமுறை இணைத்துச் சில கோப்புகளைத் திறந்து பாருங்கள். ஐந்தாறு ஆண்டுகளுக்கு ஒருமுறை புதிய வட்டுக்கு மாற்றுங்கள். இரண்டு வட்டுகளை, ஒரே தகவலை இரண்டிலும் எழுதும் ரெய்டு முறையில் இணைத்து வைத்திருப்பதைக் காப்புப் பிரதி என்று எண்ணிவிட வேண்டாம். வட்டு பழுதானால் அது உதவும், கோப்பை நீங்களே அழித்துவிட்டால் இரண்டிலும் ஒரே நொடியில் அழியும்.

கேள்வி: பரணில் சில பிளாப்பிகளும், பட்டையான நாடாக் கம்பி பொருத்தும் பழைய ஹார்ட் டிஸ்க் ஒன்றும் கிடைத்தன. உள்ளே தந்தையாரின் கட்டுரைகள் இருக்கலாம். படிக்க முடியுமா?

பதில்: முயலலாம், காலம் தாழ்த்தாதீர்கள். மூன்றரை அங்குல பிளாப்பி என்றால் யு.எஸ்.பி.யில் இணையும் டிரைவ்கள் கிடைக்கின்றன. செருகும் முன் மூலையில் உள்ள சிறு தாழைத் தள்ளித் துளை திறந்திருக்கும்படி செய்தால், தவறுதலாக எதுவும் எழுதப்படாது. ஐந்தேகால் அங்குலமாக இருந்தால் பழைய டிரைவும் தனியான கட்டுப்பாட்டு அட்டையும் தேவைப்படும். அதைப் பழக்கமுள்ளவரிடம் விடுவது நல்லது. பூஞ்சை படிந்த பிளாப்பியை எந்த டிரைவிலும் செருக வேண்டாம், டிரைவின் தலையும் கெட்டுவிடும்.

ஹார்ட் டிஸ்க் பெரும்பாலும் ஐ.டி.இ. வகையைச் சேர்ந்ததாக இருக்கும்; சாட்டாவுக்கு முன் வீட்டுக் கணினிகளில் இருந்த இணைப்பு அது. ஐ.டி.இ.யை யு.எஸ்.பி.க்கு மாற்றும் இணைப்பி வாங்குங்கள். மூன்றரை அங்குல வட்டுக்குத் தனி மின்வழங்கியும் அதனுடன் வர வேண்டும். வட்டு சுழலத் தொடங்கினால் உள்ளே உலவிப் பார்ப்பதில் நேரம் போக்காமல், முதலில் முழு வட்டையும் ஒரே படிமக் கோப்பாக நகல் எடுத்துவிட்டு அந்த நகலில் தேடுங்கள்.

கோப்புகள் கிடைத்தபின் இன்னொரு தடை வரலாம். எல்லா மொழிகளுக்கும் பொதுவான குறியாக்கமான ஒருங்குறி (யுனிகோட்) பரவுவதற்கு முன் தமிழ் ஆவணங்கள் பாமினி, டிஸ்கி போன்ற பல குறியாக்கங்களில் தட்டச்சு செய்யப்பட்டன. திறந்தால் பொருளற்ற ஆங்கில எழுத்துகளாகத் தெரிந்தால் கோப்பு கெட்டுவிட்டது என்று முடிவு செய்து அழித்துவிடாதீர்கள். அவற்றை ஒருங்குறிக்கு மாற்றும் கருவிகள் இணையத்தில் இலவசமாகவே உள்ளன. மாற்றிய பிரதியுடன் மூலக் கோப்பையும் சேர்த்தே வையுங்கள்.

கேள்வி: ஹார்ட் டிஸ்க்கிலிருந்து டக் டக் என்று ஒலி வருகிறது. கோப்புகள் சில நேரம் திறக்கின்றன, சில நேரம் திறப்பதில்லை. சரிசெய்யும் மென்பொருள் ஏதேனும் உண்டா?

பதில்: உடனே நிறுத்துங்கள். அது தலை தன் இடத்தைக் காண முடியாமல் திரும்பத் திரும்ப முயலும் ஒலியாக இருக்கலாம். ஒவ்வொரு முறை இயக்கும்போதும் தட்டில் கீறல் விழும் அபாயம் உண்டு. எந்த மென்பொருளும் இந்தப் பழுதைச் சரிசெய்யாது, வட்டு முழுவதையும் அலசும் மென்பொருள் நிலைமையை மோசமாக்கவே செய்யும். வேறு பிரதி இருக்கிறது என்றால் அந்த வட்டைக் கைவிட்டுவிடலாம். இல்லையென்றால், தூசியற்ற அறையில் வட்டைத் திறந்து தகவல் மீட்கும் வல்லுநர்களிடம், இதற்குமேல் ஒருமுறைகூட இயக்காமல் அப்படியே கொடுங்கள்.